பதினோராவது குடுவையில் என்ன இருக்கிறது?

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய ஆறு வயது மகனுக்கு மழைக்காலம் தொடங்கினாலே இளைப்பு வந்துவிடுகிறது. அரசு மருத்துவமனையில் இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். மாமியார் சொன்னதன் பேரில் ஹோமியோபதி மருத்துவர் ஒருவரிடமும் காட்டி இரண்டு மருந்துகள் வாங்கியிருக்கிறார்: ஆர்செனிகம் ஆல்பம் 200 என்று எழுதிய வெள்ளை உருண்டைகள், பிளாட்டா ஓரியன்டாலிஸ் க்யூ என்று எழுதிய சொட்டு மருந்து. நீர்க்க நீர்க்க வீரியம் கூடும், 30ஐ விட 200 வலிமையானது என்று அங்கே சொன்னார்களாம். பி.எஸ்சி. வேதியியல் படிக்கும் தம்பியோ, "அந்த உருண்டையில் சர்க்கரையைத் தவிர ஒன்றும் கிடையாது அக்கா" என்கிறான். யார் சொல்வது சரி, இன்ஹேலரை நிறுத்திவிடலாமா என்பது அவருடைய கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது காத்திருக்கக் கூடாது. இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். அளவைக் குறைப்பதும் கூட்டுவதும் அதை எழுதிக்கொடுத்த மருத்துவரின் பொறுப்பு. நான் மருத்துவன் அல்ல. மணலியில் ஓர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவன். கரைசலை நீர்ப்பதும், நீர்த்ததில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளப்பதும்தான் எனக்குச் சோறு போட்டது. அதனால் அந்த 200 என்ற எண்ணைப் பற்றி நிறையவே சொல்ல முடியும்.

ஹோமியோபதி மருந்தைத் தயாரிக்கும் முறையில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. மூலப்பொருளை ஆல்கஹாலில் ஊறவைத்து வடிப்பது மதர் டிங்சர், அதாவது தாய்க் கரைசல். புட்டியில் க்யூ என்ற எழுத்து இருந்தால் அதுதான். அதிலிருந்து ஒரு பங்கு எடுத்து, 99 பங்கு ஆல்கஹாலில் அல்லது நீரில் சேர்த்து, ஓங்கிக் குலுக்கினால் முதல் வீரியம். அதிலிருந்து ஒரு பங்கை மறுபடியும் 99 பங்கில் சேர்த்துக் குலுக்கினால் இரண்டாவது. முப்பது முறை செய்தால் 30, இருநூறு முறை செய்தால் 200, ஆயிரம் முறை செய்தால் 1எம். தங்கம், சிப்பி ஓடு போன்ற கரையாத பொருள்களாக இருந்தால் முதல் மூன்று படிகளைப் பால் சர்க்கரையோடு சேர்த்துக் கல்வத்தில் அரைத்து முடிப்பார்கள். எண்ணோடு எக்ஸ் என்ற எழுத்து இருந்தால் நூற்றுக்கு ஒன்று என்பதற்குப் பதிலாகப் பத்துக்கு ஒன்று. எல்.எம். என்று இருந்தால் 50,000க்கு ஒன்று. ஆகவே 200 என்பது மருந்தின் அளவைச் சொல்லும் எண் அல்ல, எத்தனை முறை நீர்த்தார்கள் என்று சொல்லும் எண். மில்லிகிராம் போட்ட மாத்திரை அட்டைகளையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு 30ஐ விட 200 பெரிதாகத் தெரிவது இயல்பு. பலருக்கு இங்கேதான் தடுமாற்றம் தொடங்குகிறது.

காலடிப்பேட்டையில் என் வீட்டு மாடிக்கு மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் படிக்க வருகிறார்கள். போன ஆண்டு அவர்களோடு சேர்ந்து இதைச் செய்து பார்த்தேன். ஹோமியோபதியில் நேட்ரம் மூரியாட்டிகம் என்று ஒரு மருந்து உண்டு. அது நம் சமையலறைச் சோடியம் குளோரைடு, வெறும் உப்புதான். 5.85 கிராம் உப்பை நிறுத்து, பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீரில் கரைத்து 100 மில்லி ஆக்கினோம். அதுதான் எங்கள் தாய்க் கரைசல். ஒரு மில்லியைப் பிப்பெட்டில் எடுத்து இன்னொரு 100 மில்லி அளவுக் குடுவையில் விட்டு, கழுத்துக் கோடு வரை நீர் நிரப்பி, மூடி, பத்துப் பதினைந்து முறை தலைகீழாக்கிக் குலுக்கினோம். அது முதல் குடுவை. அதிலிருந்து ஒரு மில்லி இரண்டாவது குடுவைக்கு, அதிலிருந்து மூன்றாவதற்கு.

ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சோதனைக் குழாயில் எடுத்து, உப்பில் உள்ள குளோரைடு பட்டால் வெளுத்துக் காட்டும் சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டோம். தாய்க் கரைசலில் பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிறபடியே தயிர் போன்ற வெள்ளை வீழ்படிவு திரண்டது. முதல் குடுவையில் பால் கலந்தது போல வெளுத்தது. இரண்டாவதில் குழாய்க்குப் பின்னால் ஒரு பையனின் கறுப்புப் பையைப் பிடித்துப் பார்த்தபோதுதான் லேசான மங்கல் தெரிந்தது. மூன்றாவதில் ஒன்றுமே தெரியவில்லை. வெறும் வடிநீரில் சில்வர் நைட்ரேட் விட்ட குழாயையும் பக்கத்தில் வைத்திருந்தோம். இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை.

"உப்பு தீர்ந்துவிட்டது சார்" என்றாள் ஒரு பெண். தீரவில்லை. கண்ணுக்கும் சில்வர் நைட்ரேட்டுக்கும் எட்டாத அளவுக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். உங்கள் தம்பி இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. தெரியவில்லை என்பதும் இல்லை என்பதும் வேறு வேறு. இல்லை என்று சொல்ல வேண்டுமானால் எண்ண வேண்டும்.

பொருள் என்பது முடிவில்லாமல் நறுக்கிக்கொண்டே போகக்கூடிய மாவு அல்ல. அது தனித்தனி மணிகளால் ஆனது. உப்பில் 58.5 கிராம் எடுத்தால் அதில் ஏறத்தாழ 6க்குப் பின் 23 பூஜ்யங்கள் போட்ட எண்ணிக்கையில் குளோரைடுகள் இருக்கும். இதுதான் அவகாட்ரோ எண். எங்கள் தாய்க் கரைசலில் ஒரு மில்லிக்கு 6க்குப் பின் 20 பூஜ்யங்கள். ஒவ்வொரு முறை நூறு மடங்கு நீர்க்கும்போதும் ஒரு மில்லியில் உள்ள எண்ணிக்கை இரண்டு பூஜ்யங்களை இழக்கிறது. கரும்பலகையில் 6 எழுதி இருபது பூஜ்யங்கள் போடச் சொன்னேன். குடுவைக்கு இரண்டு வீதம் அந்தப் பெண்ணே அழித்துக்கொண்டு வந்தாள். முதல் குடுவைக்குப் பதினெட்டு மிச்சம். சோதனையில் ஒன்றும் தெரியாத மூன்றாவது குடுவையில் இன்னும் பதினான்கு பூஜ்யங்கள், அதாவது ஒரு மில்லிக்கு 600 லட்சம் கோடி. ஆறாவது குடுவையில் 60 கோடி. எட்டாவதில் அறுபதாயிரம். ஒன்பதாவதில் அறுநூறு. பத்தாவதில் பலகையில் 6 மட்டும் நின்றது. அழிக்கப் பூஜ்யம் இல்லை.

பதினோராவது குடுவைக்கு என்ன போகும்? பத்தாவதிலிருந்து ஒரு மில்லி எடுத்தால் அதில் இருக்கும் ஆறு குளோரைடுகள் போகும். நூறு மில்லி நீரில் மொத்தமே ஆறு. பிள்ளைகளுக்குப் பிரியாணி அண்டாவை வைத்துச் சொன்னேன். அண்டாவில் நூறு தட்டுச் சோறு, மொத்தம் ஆறே ஆறு ஏலக்காய். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தட்டு எடுத்தால் அதில் ஏலக்காய் வருமா? நூற்றில் ஆறு பேருக்கு வரலாம், மற்றவர்களுக்கு வராது. ஏலக்காயைப் பாதியாக வெட்டலாம், குளோரைடை வெட்ட முடியாது. வெட்டினால் அது குளோரைடு அல்ல. அப்படி ஏலக்காய் வராத தட்டை எடுத்து அடுத்த அண்டாவில் கொட்டினால், அதற்குப் பிறகு எத்தனை அண்டா மாற்றினாலும் ஏலக்காய் எங்கிருந்து வரும்? பன்னிரண்டாவது குடுவையிலிருந்து இருநூறாவது குடுவை வரை நடப்பது நீரை நீரால் நீர்ப்பதுதான்.

தொடங்கும் கரைசல் எவ்வளவு செறிவு என்பதைப் பொறுத்து இந்த எல்லை ஒரு படி முன்னே பின்னே நகரும். ஆனால் 12ஐ ஒட்டித்தான் விழும். காசிமேட்டில் நின்று ஒரு மில்லி மருந்தைக் கடலில் விட்டு, உலகத்தின் ஐந்து பெருங்கடல்களும் ஒன்றாகக் கலக்கும்வரை கலக்கினால் வருவதுதான் ஏறக்குறைய 12. முப்பதுக்கு உவமை சொல்லப் பூமி போதாது. எங்கள் உப்புக் கரைசலை 30 வரை கொண்டுபோயிருந்தால், அதில் சராசரியாக ஒரே ஒரு குளோரைடு கிடைக்கச் சூரியன் அளவுள்ள பன்னிரண்டு லட்சம் உருண்டைகள் நிறைய அந்த நீரைக் குடிக்க வேண்டும். 200 என்பது 1க்குப் பின் 400 பூஜ்யங்கள் போட்ட எண்ணால் வகுப்பது. நாம் காணக்கூடிய பிரபஞ்சம் முழுவதிலும் உள்ள அணுக்களின் எண்ணிக்கையே 1க்குப் பின் 80 பூஜ்யங்கள் என்ற அளவில்தான் மதிப்பிடப்படுகிறது.

ஹோமியோபதியைக் கண்டுபிடித்த சாமுவேல் ஹானிமனை ஏமாற்றுக்காரர் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1755இல் பிறந்த ஜெர்மானிய மருத்துவர் அவர். அந்தக் காலத்து மருத்துவம் நோயாளியின் ரத்தத்தைக் கிண்ணம் கிண்ணமாக வடித்தது, பாதரச உப்பைப் பேதிக்குக் கொடுத்தது. அந்தக் கொடுமையைப் பார்த்து அளவைக் குறைக்கத் தொடங்கினார். குறைத்தபோது நோயாளிகள் பிழைத்தார்கள். பாதரசம் கொடுக்காமல் விட்டாலே பிழைக்கக்கூடியவர்கள் அவர்களில் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். குதிரைமயிர் அடைத்துத் தோல் போர்த்திய பலகை ஒன்றைச் செய்யச் சொல்லி, அதில் புட்டியைத் தட்டித் தட்டிக் குலுக்கினார். நூற்றுக்கு ஒன்று என்று குறைத்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் பொருள் தீர்ந்துவிடும் என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. அவகாட்ரோ தன் கருதுகோளை 1811இல் வெளியிட்டபோதும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை யாருக்கும் தெரியாது. ஹானிமன் 1843இல் பாரிஸில் இறந்தார். மூலக்கூறின் அளவை யோகான் லோஷ்மிட் முதன்முதலில் கணித்தது 1865இல். பிறகு ழான் பெரின் பல வழிகளில் அளந்து, எல்லா வழிகளும் ஒரே எண்ணில் வந்து நிற்பதைக் காட்டி 1926இல் நோபல் பரிசு பெற்றார். 2019 மே மாதம் முதல் அவகாட்ரோ எண்ணையே நிலையாக வைத்துத்தான் மோல் என்ற அலகை வரையறுக்கிறோம். ஹானிமனுக்குத் தெரிந்திருக்க வழியில்லாதது நமக்குத் தெரியும். தெரிந்த பிறகும் தெரியாதது போல இருக்க நமக்கு உரிமை இல்லை.

என் தொழிலிலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே போட்ட கணக்குக்கூடச் சலுகை காட்டிய கணக்கு. நீர் சுத்தம், குடுவை சுத்தம், காற்று சுத்தம் என்று வைத்துக்கொண்டு போட்டது. உண்மையில் எதுவும் அப்படிச் சுத்தமாக இருக்காது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கழிவுநீரில் ஈயம் அளக்கும் பணி எனக்கு வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஈயக் கரைசலை அடுக்கடுக்காக நீர்த்து, நூறு கோடியில் பத்துப் பங்கு என்ற அளவுக்குக் கொண்டுவந்து, மாலையில் கண்ணாடிக் குடுவையில் மூடி வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் காலையில் அளந்தால் ஈயம் குறைந்திருந்தது. மறுபடி அளந்தேன், மறுபடியும் குறைவு. கணக்கில் பிழை என்று பயந்துபோய் மூத்தவரிடம் ஓடினேன். குடுவையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "கண்ணாடி தின்றுவிட்டது தம்பி" என்றார். அவ்வளவு நீர்த்த கரைசலில் ஈய அயனிகள் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அதைத் தடுக்க நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட்டு வைக்க வேண்டும் என்று அன்றைக்குக் கற்றேன். இதன் மறுபக்கத்தையும் அவரே கற்றுக்கொடுத்தார். கண்ணாடி தின்னும், கக்கவும் செய்யும். சோடியமும் சிலிக்காவும் சுவரிலிருந்து நீருக்குள் கசிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு சோதனையோடும் பொருளே சேர்க்காத வெறும் நீரையும் ஒருமுறை அளப்போம். பிளாங்க் என்போம். பிளாங்க்கும் மாதிரியும் ஒரே எண்ணைக் காட்டினால், அந்த மாதிரியைப் பற்றிச் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை என்று பொருள். அதற்குமேல் அறிக்கையில் ஒரு எண் எழுதினால் அது பொய்.

இப்போது உப்புக் குடுவைகளுக்குத் திரும்புவோம். நீரில் நூறு கோடியில் ஒரே ஒரு பங்கு சோடியம் மட்டும் மாசாக இருக்கிறது என்று கொள்ளுங்கள். பேட்டரி நீரெல்லாம் அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது, அவ்வளவு சுத்தமான நீர் அது. அதிலும் ஒரு மில்லிக்கு 26 லட்சம் கோடி சோடியம் இருக்கும். எங்கள் நான்காவது குடுவையில் தாய்க் கரைசலிலிருந்து வந்த சோடியம் ஒரு மில்லிக்கு 6 லட்சம் கோடிதான். நான்காவது படியிலேயே மருந்தாகச் சேர்த்த உப்பை விட நீரில் தானாக இருந்த உப்பு நான்கு மடங்கு அதிகம். முப்பதாவது படியில் அந்தக் குடுவைக்கு உப்பு என்று பெயர் வைப்பதா, சிலிக்கா என்று வைப்பதா, ஆல்கஹாலில் இருக்கும் மற்ற மாசுகளின் பெயரை வைப்பதா?

உங்கள் கையில் இருப்பது ஆர்செனிகம் ஆல்பம், ஆர்சனிக் டிரையாக்சைடு. கொரோனா பரவத் தொடங்கிய 2020 ஜனவரியில் மத்திய ஆயுஷ் அமைச்சகம் தடுப்புக்காகப் பரிந்துரைத்ததும் இதன் 30ஐத்தான். அந்தப் பெயரைக் கேட்டு விஷம் என்று பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வரை ஆர்சனிக் இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அந்த வரம்பில் உள்ள நீரில் ஒரு மில்லிக்கு 80 லட்சம் கோடி ஆர்சனிக் அணுக்கள். உங்கள் வீட்டுக் குடத்தில் இருக்கும் நீரில் வரம்பில் நூற்றில் ஒரு பங்குதான் இருக்கிறது என்றாலும், அந்தக் குடத்திலிருந்து ஒரு வாய் குடிக்கும்போது உள்ளே போகும் ஆர்சனிக், 200 என்று எழுதிய உருண்டைகளை ஆயுள் முழுக்கச் சாப்பிட்டாலும் மருந்திலிருந்து வராது. விஷம் என்ற பயமும் வேண்டாம், மருந்து என்ற நம்பிக்கையும் வேண்டாம். இரண்டுக்கும் அங்கே பொருள் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. அந்த உருண்டைகளை முதலில் சர்க்கரையில் செய்துவிட்டு, பிறகு 200 என்ற திரவத்தைச் சில சொட்டு விட்டு நனைத்து உலர்த்துகிறார்கள். உலரும்போது ஆல்கஹால் ஆவியாகிப் போய்விடுகிறது. எஞ்சுவது கரும்புச் சர்க்கரை. தம்பி சொன்னது இந்தப் புட்டியைப் பொறுத்தவரை சரி.

பொருள் இல்லாவிட்டால் என்ன, நீர் அதை நினைவில் வைத்திருக்கும் என்ற வாதத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இதை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது உண்மை. கரைந்த பொருளைச் சுற்றி அவை ஓர் ஒழுங்கில் நிற்பதும் உண்மை. ஆனால் அந்தப் பிடி எவ்வளவு நேரம் நிற்கும்? விடியற்காலையில் காசிமேட்டு ஏலத்தில் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு எட்டிப் பார்ப்பார்கள், கூடை நகர்ந்ததும் அந்தக் கை வேறு தோளுக்குப் போய்விடும். நீரில் இந்தக் கைமாற்றம் ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு, சில பங்கு நேரத்துக்குள் நடந்துவிடுகிறது. 2005இல் டொரன்டோவையும் பெர்லினையும் சேர்ந்த ஆய்வாளர்கள் அகச்சிவப்பு லேசர் துடிப்புகளால் அளந்தபோது, பிணைப்பு வலை தன் முந்தைய அமைப்பை மறக்க அதைவிடவும் குறைவான நேரம், 50 ஃபெம்டோநொடி (அந்த ஒரு பங்கில் இருபதில் ஒன்று), போதும் என்று கண்டார்கள். புட்டியைக் குலுக்கிக் கீழே வைப்பதற்குள் இது எத்தனையோ லட்சம் கோடி முறை நடந்து முடிந்திருக்கும். அப்படியே நினைவு இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், தன்னுள் நிறைய இருக்கும் சோடியத்தையும் சிலிக்காவையும் மறந்துவிட்டு, இல்லாத ஆர்சனிக்கை மட்டும் நீர் ஏன் நினைவில் வைக்க வேண்டும்? அந்த நினைவை ஆவியாகும் முன் சர்க்கரைக்கு எப்படிக் கைமாற்றும்? ஹோமியோபதியை நம்பும் நண்பர்களிடம் பலமுறை இதைக் கேட்டிருக்கிறேன். அன்பாகப் பேசுவார்கள், பதில் வந்ததில்லை.

நீரின் நினைவைச் சோதனையில் காட்டிவிட்டதாக ஒருமுறை உலகமே பேசியது. பாரிஸுக்குப் பக்கத்தில் கிளமாரில் ழாக் பென்வெனிஸ்த் என்ற நோய் எதிர்ப்பியல் அறிஞரின் ஆய்வகம். மூலக்கூறே மிஞ்சாத அளவுக்கு நீர்த்த எதிர்ப்பொருள் கரைசலும் ஒருவகை வெள்ளை அணுக்களைத் தூண்டுகிறது என்ற அவர்களுடைய கட்டுரையை 1988 ஜூனில் நேச்சர் இதழ் வெளியிட்டது. வெளியிட்டதோடு நிற்காமல், அதன் ஆசிரியர் ஜான் மேடாக்ஸ் இன்னும் இருவரோடு அடுத்த மாதமே அந்த ஆய்வகத்துக்குப் போனார். ஒருவர் ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் நிபுணர். குழாய்களின் பெயர்ச்சீட்டுகளை எடுத்துவிட்டு ரகசிய எண்கள் இட்டார்கள். எந்த எண் எந்தக் குழாய் என்ற குறிப்பை உறையில் வைத்து, ஒருவரும் தொடாதபடி ஆய்வகத்தின் கூரையில் ஒட்டினார்கள். எது எது என்று தெரியாமல் எண்ணியபோது, நீர்த்த கரைசலுக்கும் வெறும் நீருக்கும் வேறுபாடு காணவில்லை. அந்த ஆய்வாளர்கள் வேண்டுமென்றே ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எதிர்பார்த்ததைப் பார்க்கும் பழக்கம் கண்ணுக்கு உண்டு. அதனால்தான் நாங்களும் ஆய்வகத்தில் மாதிரிகளுக்குப் பெயர் எழுதாமல் எண் மட்டும் எழுதிக் கொடுப்போம்.

2010இல் மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் தங்கம், வெள்ளி, தாமிரம் போன்ற உலோக மருந்துகளின் 30இலும் 200இலும்கூட அந்த உலோகத்தின் நுண்துகள்கள் இருப்பதாக எழுதினார்கள். இதைக் காட்டித் தம்பியிடம் யாராவது வாதாடலாம். கட்டுரையை ஊன்றிப் படித்தால், 6க்கும் 200க்கும் உலோகத்தின் அளவு பெரிதாக மாறவில்லை. ஒரு பகுப்பாய்வாளன் இதை எப்படிப் படிப்பான்? நூறு நூறாக நீர்த்தும் அளவு குறையவில்லை என்றால் அங்கே நீர்த்தல் சரியாக நடக்கவில்லை, அல்லது வெளியிலிருந்து அந்த உலோகம் வந்துகொண்டிருக்கிறது. துகள்கள் நுரையோடு மேலே மிதந்து அடுத்த குடுவைக்குத் தாவுவதாக அவர்களே ஒரு விளக்கம் தந்தார்கள். அது உண்மையாகவே இருந்தாலும் 200 என்ற எண் பொய்யாகிறது, 30ஐ விட 200 வலிமையானது என்ற பேச்சும் அதோடு போகிறது. கரையும் உப்புக்கும் ஆர்சனிக் டிரையாக்சைடுக்கும் அந்த விளக்கம் பொருந்தவும் பொருந்தாது.

மிகச் சிறிய அளவும் வேலை செய்யுமே, தடுப்பூசி இல்லையா என்பார்கள். சிறிய அளவு வேலை செய்யும், அதில் சந்தேகமே இல்லை. உங்கள் மகனின் இன்ஹேலர் சால்பியூட்டமால் என்றால் ஒரு அழுத்தில் வருவது பெரும்பாலும் 100 மைக்ரோகிராம், ஒரு கடுகின் எடையில் சிறு துளி. எண்ணினால் அதில் 2,500 கோடி கோடி மூலக்கூறுகள். மூச்சுக்குழாய்த் தசையின் ஏற்பிகளில் அவை போய் உட்காருவதால்தான் தசை தளர்ந்து, சில நிமிடங்களில் பிள்ளையின் நெஞ்சு விரிகிறது. 100 மைக்ரோகிராம் என்பது சிறியது, 200 என்ற வீரியம் என்பது இல்லாதது.

உருண்டை கொடுத்தபோது சளி குறைந்தது என்று உங்கள் மாமியார் சொல்வதையும் மறுக்கவில்லை. சளி பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானே இறங்கும். மிக மோசமான நாளில்தான் மருந்து தேடி ஓடுகிறோம், அதற்கு அடுத்த நாள்கள் பெரும்பாலும் கொஞ்சம் நல்லவையாகவே இருக்கும். அந்த மருத்துவர் அரை மணி நேரம் உட்காரவைத்துப் பிள்ளையின் தூக்கம், பயம், பசி எல்லாவற்றையும் கேட்டிருப்பார். நம் பெரிய மருத்துவமனைகளின் நெரிசலில் அந்தக் காது கிடைப்பதில்லை என்ற குறை எனக்கும் உண்டு. ஆனால் ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வு மன்றம் 176 ஆய்வுகளைப் பரிசீலித்து 2015இல் சொன்னது, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பயன் தருகிறது என்பதற்கு நம்பகமான சான்று இல்லை என்பதே. இளைப்பு சளியைப் போலத் தானே இறங்கும் என்று காத்திருக்கக்கூடிய நோயும் அல்ல. எண்ணூர், மணலிப் புகையில் வளரும் பிள்ளைகளுக்கு அதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் இரண்டாவது புட்டி. அதைப் பற்றித் தம்பி ஒன்றும் சொல்லவில்லை, எனக்குக் கவலை அதில்தான். பிளாட்டா ஓரியன்டாலிஸ் க்யூ என்பது கரப்பான்பூச்சியை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த தாய்க் கரைசல். அது நீர்க்கப்படாதது. 200 என்ற உருண்டைக்குப் போட்ட கணக்கு எதுவும் இதற்குச் செல்லாது. இதில் பொருள் இருக்கிறது. ஒன்று ஆல்கஹால், ஆறு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கும் மருந்தில் எத்தனை சதவீதம் என்று புட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் இருக்கும், பாருங்கள். இன்னொன்று கரப்பான்பூச்சியின் சாறு. வீட்டுக் கரப்பான்களின் கழிவிலும் உடலிலும் உள்ள புரதங்கள் பல குழந்தைகளுக்கு இளைப்பைத் தூண்டுபவை என்பது மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒன்று. உங்கள் மகனுக்கு அந்த ஒவ்வாமை உண்டா என்று தெரியாமல் இதைக் கொடுக்கக் கூடாது. க்யூ மட்டும் அல்ல, 1எக்ஸ், 2எக்ஸ், 3எக்ஸ் என்று எழுதிய எதுவாக இருந்தாலும் இதே எச்சரிக்கைதான். ஆர்சனிக் டிரையாக்சைடின் 3எக்ஸ் என்றால் ஒரு கிராமில் ஒரு மில்லிகிராம் உண்மையான ஆர்சனிக் டிரையாக்சைடு. வரம்பில் உள்ள குடிநீரை நாளெல்லாம் இரண்டு லிட்டர் குடித்தாலும் வருவதைப் போல 30 மடங்குக்கும் மேல் அது. 2017இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் குழந்தைகளுக்கான பல்முளைப்பு ஹோமியோபதி மாத்திரைகள் சிலவற்றில் பெல்லடோனா என்ற நச்சுச் செடியின் பொருள், புட்டியில் சொன்னதைவிட மிக அதிகமாக இருந்ததாக எச்சரித்தது.

அதனால் உருண்டைப் புட்டியை என்ன செய்வது என்பதை உங்களுக்கும் மாமியாருக்கும் விடுகிறேன், அதைப் பற்றி வீட்டில் சண்டை போட வேண்டியதில்லை. க்யூ புட்டியை இன்றே எடுத்து வைத்துவிடுங்கள். அடுத்த முறை ஸ்டான்லி மருத்துவமனைக்கோ, பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போகும்போது இரண்டு புட்டிகளையும் இன்ஹேலரையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள். இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழாய் தந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஆறு வயதுக்கு அது இல்லாவிட்டால் மருந்தின் பெரும்பகுதி தொண்டையிலேயே தங்கிவிடும். இடையில் ஒரு நாள் இரவில் மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே 108ஐ அழையுங்கள்.